நாரைத்தீவு ஏன் மூடப்பட்டது

போன கிழமை உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேநீர் குடித்து முடித்து, வாசலில் செருப்பைப் போடும்போதுதான் வந்த விசயத்தைக் கேட்டீர்கள். நாரைத்தீவை ஏன் மூடினார்கள்? ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். முதலைக்குப் பயந்து மூடினார்கள் என்று சிலர். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவன் களவாகப் படம் எடுத்ததால் என்று வேறு சிலர். என்னால்தான் மூடப்பட்டது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை நீங்கள் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்கத்தான் வந்தீர்கள் என்று எனக்கு விளங்கியது.

வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய கதையாக அது இல்லை. அதனால்தான் அன்றைக்குச் சிரித்து அனுப்பிவிட்டேன். பிறகு யோசித்தேன். நீங்களும் இதே வேலைக்குத்தான் வந்திருக்கிறீர்கள். வேறு தீவு, வேறு ஊர், ஆனால் அதே வேலை. உங்களுக்கும் ஒரு காலை இப்படி வரக்கூடும். ஆகவே எழுதுகிறேன்.

அப்போது நான் அந்தக் கிராமத்தின் சுற்றுலாச் சங்கத்துக்கு இணைப்பாளர். பனிச்சங்கேணிப் பக்கம் வாவியோரக் கிராமம். கரையில் நின்று பார்த்தால் எதிரே கண்டல் மரங்கள் அடர்ந்து தெரிவதுதான் நாரைத்தீவு. மாரி முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்கும் மாதங்களில் அந்த மரங்கள் வெள்ளையாகிவிடும். நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கிளைக்குக் கிளை கூடு வைக்கும். பாதுகாக்கப்பட்ட இடம். ஊரார் அங்கே மரம் தறிக்கக்கூடாது, ஓடைகளுக்குள் போய் மீன் பிடிக்கக்கூடாது. அதற்குப் பதிலாக, தீவைச் சுற்றி ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டும் அனுமதியை வனசீவராசி அலுவலகம் அந்த ஊருக்கு மட்டும் கொடுத்திருந்தது. இயந்திரமில்லாத தோணி. சத்தம் கூடாது. கூடு இருக்கும் காலத்தில் எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். வருகிறவர்கள் ஊர் வீடுகளில் தங்கி, ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். அந்த அனுமதியை நம்பி வீட்டோடு ஓர் அறை கூட்டிக் கட்டியவர்கள் இருந்தார்கள். கட்டாருக்கு வேலைக்குப் போக எடுத்த கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வழிகாட்டியாக வந்த பொடியன்மார் இருந்தார்கள்.

அவர்களில் கெட்டிக்காரன் யோகன். பறவைகள் விசயத்தில் அவனை விடக் கண்டிப்பான ஆளை நான் கண்டதில்லை. கொக்குகள் எழும்பிப் பறப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு பெரிய மனிதர் தோணியிலிருந்து கை தட்டினார். யோகன் அந்த இடத்திலேயே தோணியைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டான். அந்த மனிதர் என்னிடம் வந்து சத்தம் போட்டபோது நான் யோகன் பக்கம்தான் நின்றேன்.

அவனுடைய அண்ணன் தவராசா. வீச்சு வலைக்காரர். விருந்தினர் சாப்பாட்டுக்கு மீனும் றாலும் அவர்தான் கொண்டுவருவார். அவருடைய மனைவி மகேஸ்வரி எங்களுக்குச் சமைக்கும் பெண்களில் ஒருத்தி. வந்து போன எத்தனையோ பேர் பறவைகளின் பெயரை மறந்தும் அவளுடைய கறியை மறக்காமல் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தடவை வந்த குழுவில் நிரோசன் என்று ஒருவன். சுவிஸில் பிறந்து வளர்ந்தவன், முப்பது வயதிருக்கும். தகப்பன் மட்டக்களப்புக்காரர். அவன் ஒரு ட்ரோன் கமரா கொண்டுவந்திருந்தான். தீவின் மேல் அதைப் பறக்க விட முடியாது என்று சொல்லி, வந்த அன்றே வாங்கி என் அலுவலக அலுமாரியில் பூட்டினேன். முகம் சுருங்கினான். ஆனால் மறுக்கவில்லை. அன்று பின்னேரம் மகேஸ்வரி வீட்டில் சாப்பிடும்போது கோபம் போய்விட்டது. "எங்கட அம்மா றால் கறி வைப்பா. அது சாப்பிட்டுக் கனகாலம்" என்றான். தாய் இறந்துவிட்டதைப் பிறகு சொன்னான்.

தவராசா சிரித்தார். "விடியட்டும் தம்பி. பெரிய றாலாப் பாத்துக் கொண்டு வாறன்."

விடிந்தது. தவராசா எங்கள் இறங்குதுறைக்கு நேர் எதிரே, கண்டல் விளிம்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். யோகன் இந்தக் கரையில் தோணியில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறான்.

நான் ஓடிப்போனபோது அவனைச் சுற்றி ஆட்கள். "முதலை அக்கா" என்றான். "இழுத்துப் போட்டுது. ஒருக்கா மேல வந்தார், கை தெரிஞ்சது. மறுகா வரல்ல."

ஊரிலிருந்த அத்தனை தோணியும் இறங்கியது. நான் செய்த முதல் வேலை விருந்தினரை இறங்குதுறையிலிருந்து அனுப்பியதுதான். இரண்டு பேர் போனைக் கையில் தூக்கியிருந்தார்கள். "இது நீங்கள் பார்க்க வந்த விசயம் இல்லை, தயவுசெய்து வீடுகளுக்குப் போங்கள்" என்றேன். போனார்கள். நிரோசன் மட்டும் போகவில்லை. கரையில் ஓர் ஓரமாகக் குந்தியிருந்தான். தவராசா எதற்காக அன்று விடியற்காலையில் தண்ணீரில் இறங்கினார் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

உச்சி வெயில் வரும்வரை தேடினார்கள். தண்ணீர் கலங்கல். தீவுக்குள் ஓடைகள் கைவிரல்கள் மாதிரிப் பிரிந்து போகும், வேர்கள் பின்னிக் கிடக்கும். தோணியிலிருந்து பார்த்தால் முன்னால் இருக்கும் மரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த நேரத்தில் யாரும் தவராசா உயிரோடு இருப்பார் என்று பேசவில்லை. பொலிசார் வந்து விசாரித்தார்கள். தண்ணீருக்குள் மூழ்கித் தேடும் சுழியோடிகள் மறுநாள் காலையில்தான் வருவார்கள் என்றார்கள். கரையில் நின்ற வலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை என்றால் எடுக்க என்ன மிஞ்சியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மகேஸ்வரியைப் பெண்கள் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. நான் பக்கத்தில் போய்க் குனிந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, சண்ட நடந்த பிரச்சின நேரம் எங்கட அப்பாவைக் கொண்டு போனது உங்களுக்குத் தெரியும்தானே. ஆள் வரவும் இல்ல, செத்திட்டார் எண்டும் இல்ல. அம்மா இன்னும் பொட்டு வச்சிக்கிட்டு இருக்கா. அழிக்கவும் ஏலா, வைக்கவும் ஏலா. எனக்கு அப்பிடி வேணாம் அக்கா. எப்பிடியாவது எடுத்துத் தாங்க."

நான் எழும்பியபோது யோகன் எதிரே நின்றான். உடம்பெல்லாம் சேறு.

"அக்கா, அந்தத் தம்பிட ட்ரோனைக் குடுங்க."

நான் அவனையே பார்த்தேன். அவன் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் நிரோசன் எழும்பி வந்தான். அவனுக்கும் கேட்டிருந்தது.

"அண்ணா, அது மேல போனாப் பறவை எல்லாம் பயந்து எழும்பும் எண்டு நீங்கதானே சொன்னீங்கள்?"

"எழும்பட்டும்" என்றான் யோகன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். தவராசா இறந்துவிட்டார். அவருக்கு நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எதிரே மரங்களில் இருந்தவை உயிருள்ள குஞ்சுகள், இறகு முளைக்காதவை. தாய் எழும்பிப் போய்க் கொஞ்ச நேரம் வராவிட்டால் வெயிலே அவற்றைக் கொன்றுவிடும், மிச்சத்தைக் காகமும் பருந்தும் பார்த்துக்கொள்ளும். அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றுவதாக ஊரே கையெழுத்து வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறது. ஒரு பக்கம் இது. மறுபக்கம் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கேட்டுவிட்டாள்.

நான் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான வனசீவராசி உத்தியோகத்தருக்குப் போன் எடுத்தேன். ஓட்டமாவடிக்காரர். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. நடந்ததைச் சொன்னேன். அவர் அல்லாவை நினைத்துக்கொண்டார். நான் ட்ரோன் என்று தொடங்கியதும் இடைமறித்தார்.

"ஒள்ளம் பொறுங்க மிஸ். நீங்க என்னட்டக் கேட்டா நான் ஏலா எண்டுதான் சொல்லணும். என்ட வேலை அது. இப்ப நீங்க கேக்கிறீங்களா?"

நான் வாவியைப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன். "நான் கேக்கல்ல."

"அப்ப சரி. ஆள் கிடைச்சதும் சொல்லுங்க. நான் விடிய வந்து பாப்பன். பாத்தத எழுதுவன்."

"எழுதுங்க."

அவர் என்னைக் கைவிட்டார் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றியது. அது தவறு. நான் கேட்டிருந்தால் பொறுப்பு அவருடையதாகியிருக்கும். அவர் மறுத்தார், நான் என்ன செய்வேன் என்று மகேஸ்வரியிடம் கையை விரித்திருக்கலாம். அந்த வழியை அவர் எனக்கு அடைத்துவிட்டார். இனி என்ன செய்தாலும் அது நான் செய்தது.

அலுவலகத்துக்குப் போய் அலுமாரியைத் திறந்து, பையை எடுத்துவந்து நிரோசனிடம் கொடுத்தேன்.

முதலில் உயரத்தில்தான் போகச் சொன்னேன். திரையில் தீவு ஒரு பச்சைப் பாய் மாதிரித் தெரிந்தது. பறவைகள் எழும்பவில்லை. எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. ஆனால் அந்த உயரத்திலிருந்து ஓடைகளுக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னும் கீழ பதிக்கணும் அக்கா" என்றான் நிரோசன்.

"பதி."

"இன்னும்."

"பதி."

மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. திரை வெள்ளையாகிவிட்டது. தீவு முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பியது. அந்தச் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் கரைக்கு வந்தது, ஓட்டுக் கூரையில் மழை கொட்டுவது போல. யோகன் தீவுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டான். நிரோசனின் தோளுக்கு மேலால் நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்குப் பக்கத்து ஓடை ஒன்றின் முடிவில், வேர்களுக்கிடையில், நீலமாக ஒரு துணி. தவராசாவின் சாரன். கொஞ்சம் தள்ளிச் சேற்றில் அந்த முதலையும் கிடந்தது.

"அக்கா..." என்றான் நிரோசன்.

"கண்டிட்டன். அப்பிடியே பிடி. விலக்காத."

ஆட்கள் போய்ச் சேரும் வரைக்கும் அது அந்த இடத்துக்கு மேலேயே நிற்க வேண்டியிருந்தது. அதைக் குறியாக வைத்துத்தான் தோணிகள் ஓடைக்குள் நுழைந்தன. வழியில்லாத இடத்தில் கிளைகளை வெட்டினார்கள். முதலையை விரட்டக் கம்புகளால் தண்ணீரை அடித்துக் கத்தினார்கள். பல வருடமாக ஒரு தும்மலைக் கூட அடக்கிக்கொண்டு போன இடம் அது. எடுத்தார்கள். எப்படி எடுத்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. தோணி கரைக்கு வந்தபோது யோகன் தன் சேர்ட்டைக் கழற்றி அண்ணனின் மேல் போட்டிருந்தான். அது போதாமல் இன்னும் இரண்டு பேர் தங்கள் சேர்ட்டுகளைப் போட்டிருந்தார்கள். பெண்கள் மகேஸ்வரியைக் கிட்டப் போக விடவில்லை. மட்டக்களப்பு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதும் பெட்டியை மூடித்தான் தந்தார்கள். மூடியபடியே அடக்கம் நடந்தது.

இறங்குதுறையில் கூட்டம் கலைந்த பிறகு நிரோசன் என்னிடம் வந்தான். அந்தக் கமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. "நான் இதை அழிக்கிறன் அக்கா. இப்பவே அழிக்கிறன்" என்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. யோகனும் அதைத்தான் சொன்னான். "அழிக்கச் சொல்லுங்க அக்கா. மச்சாள் ஒரு நாளும் இதப் பாக்கக்கூடாது."

சரி என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனாலும் ஒன்று என்னைத் தடுத்தது. அவரைக் கடைசியாகக் கண்டவர்கள் நாங்கள். பெட்டி திறந்திருக்கப் போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அந்தப் பதிவை வைப்பதா அழிப்பதா என்று தீர்மானிக்க நாங்கள் யார்? நிரோசனிடம் சொல்லி அதை என் போனுக்கு மாற்றச் செய்தேன். அவனிடம் இருந்ததை என் கண் முன்னே அழித்தான். பொலிசாருக்குக் காட்டினேன். செய்திக்காரர்கள் பல பேர் கேட்டார்கள். சிலர் அழாக்குறையாகக் கேட்டார்கள், சிலர் வெருட்டிப் பார்த்தார்கள். கொடுக்கவில்லை.

மறுநாள் விடிய உத்தியோகத்தர் வந்தார். தோணியில் அவரைக் கூட்டிப்போனது யோகன்தான். நானும் போனேன். ஓடைகளில் குஞ்சுகள் மிதந்தன. மரங்களில் காகங்கள் நிறைந்திருந்தன. கிழக்குப் பக்கம் சில கொக்குகள் திரும்பி வந்திருந்தன, மேற்குப் பக்கம் ஒன்றும் இல்லை. யோகன் துடுப்பை வலித்துக்கொண்டே இருந்தான், ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. கரைக்கு வந்ததும் உத்தியோகத்தர் என்னிடம் சொன்னார்: "உங்கட இடத்தில நான் இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பன் மிஸ். ஆனா அத நான் எழுத ஏலா."

அவர் பார்த்ததை எழுதினார். அனுமதி போனது. தீவு எல்லோருக்கும் மூடப்பட்டது, எங்களுக்கும் சேர்த்து. அதில் அநியாயம் எதுவும் இல்லை. நாங்கள் கொடுத்த சொல்லை நாங்கள்தான் மீறினோம்.

சங்கம் கூடியபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழும்பினாள். விருந்தினருக்கென்று அறை கட்டியவள். "தவராசா அண்ணனில எனக்கும் பட்சம்தான். ஆனா செத்துப்போன ஆளுக்காக உசிரோட இருக்கிற எங்கட வயித்தில அடிச்சிட்டீங்களே மிஸ்" என்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சொன்னது உண்மை. மகேஸ்வரி கேட்டதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

விருந்தினர் வருவது நின்றது. பொடியன்மார் பெட்டிக்குள் போட்ட கடவுச்சீட்டுகளை வெளியே எடுத்தார்கள். யோகன் இப்போது கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான். எப்போதாவது பேசுவான். பறவைகளைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. நிரோசன் ஊருக்குத் திரும்பி வரவில்லை.

அதே காலை மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். அலுமாரியைத் திறந்திருப்பேன். ஆனால் அதைச் சரியான முடிவு என்று உங்களுக்குக் கற்பிக்க எனக்கு விருப்பமில்லை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடையில் தெரிவு செய்யும் நாட்களில் உங்களுக்கு என்னைப் போன்றவர்களின் புத்திமதி தேவைப்படாது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற நாளில் யாரிடமாவது போன் எடுத்துக் கேட்கத் தோன்றும். கேட்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: உங்களுக்கு வழி தெரியாமல் கேட்கிறீர்களா, அல்லது பழியைக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்படுகிறதா? முடிவு எடுத்த பிறகு நன்றியை எதிர்பார்க்காதீர்கள். எதிரே எழும்பி நின்று பேசுகிறவரை இடையில் மறிக்காமல் கேளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

அடுத்த மாரி முடிந்திருந்தது. சங்க அலுவலகத்தைக் காலி செய்து கொடுக்கப் போயிருந்தேன். மகேஸ்வரி வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருந்தாள்.

"அக்கா, அந்தப் படம் உங்களிட்ட இருக்காம். யோகன் போகமுன்னம் சொன்னான்."

"ஓம். இருக்கு."

"எனக்குக் காட்டுங்க."

"மகேசு, அது..."

"நீங்க எல்லாரும் பாத்திட்டீங்கதானே. நான் மட்டும் பாக்கல்ல."

போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உயரத்திலிருந்து தீவு தெரிந்தது. சுற்றிவர வெயிலில் மின்னும் தண்ணீர். பிறகு படம் கீழே இறங்கியது. மரங்கள் கிட்ட வந்தன. திரை முழுவதும் வெள்ளையாக எழும்பியது.

"நிப்பாட்டவா?" என்று கேட்டேன்.

"வேணாம்."

அந்த வெள்ளை மெல்ல மெல்ல விலகியது. அவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"இதுதானா அக்கா அந்தத் தீவு?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மகேஸ்வரி வெல்லாவெளியில் வயல் வட்டைகளுக்கு நடுவில் பிறந்து, கல்யாணத்தோடு இந்தக் கரைக்கு வந்தவள். தண்ணீருக்குப் பயம். தீவைப் பார்க்க உலகத்தின் எந்த மூலையிலிருந்தெல்லாமோ வந்தவர்களுக்குச் சோறு போட்டு, அவர்கள் திரும்பி வந்து அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபடி பாத்திரம் கழுவியவள். தோணியில் அவளுக்கென்று ஓர் இடம் வைக்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

"ஓம்" என்றேன். "அதுதான்."

நீலச் சாரன் வந்தது. அவள் முழுவதையும் பார்த்தாள், கடைசி வரைக்கும், கண்ணை எடுக்காமல். முடிந்ததும் போனை முந்தானையால் துடைத்து என்னிடம் தந்தாள்.

"வடிவான இடம், என்ன?" என்றாள்.